இரட்டை அளவுகோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில் பல ஆண்டுகளாகத் தமிழ் மாலை வகுப்பு நடத்தி வருகிறேன். 'இரட்டை அளவுகோல்' என்ற சொல் பேச்சில் வந்துவிட்டால் அன்றைய பாடம் அங்கேயே நின்றுவிடும். எல்லோருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். பிள்ளைகள் கேட்டவை, அவர்களைக் கூட்டிச் செல்ல வந்த பெற்றோர் மாடிப்படியில் நின்று கேட்டவை எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரட்டை அளவுகோல் என்றால் என்ன?

ஒரே செயலை இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருவருக்கு "போகட்டும், விடு" என்கிறோம். மற்றவரை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கிறோம். செயலில் மாற்றம் இல்லை, ஆள்தான் வேறு. அப்படித் தீர்ப்புச் சொல்கிறவர் ஆளுக்கு ஒன்றாக இரண்டு கோல் வைத்திருக்கிறார் என்று பொருள்.

என் ஆயா (பாட்டி) காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றவர். அவர் சொன்ன கதை இது. கரையில் ஒரு வியாபாரி இருந்தாராம். படகுக்காரரிடம் நெத்திலி அளந்து வாங்க அவரிடம் ஒரு கூடை, ஆயாவைப் போன்ற பெண்களுக்கு அளந்து விற்க இன்னொரு கூடை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் ஆயா இரண்டு கூடைகளையும் பக்கத்தில் வைத்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தார். ஒன்றில் முழங்கை வரை போயிற்று. மற்றொன்றில் நான்கு விரல் முன்னதாகவே அடி தட்டியது. விற்கிற கூடையின் அடியில் ஓலையை மடித்து வைத்துப் பின்னியிருந்தார்கள். "ஐயா, நீங்கள் வாங்குகிற கூடையிலேயே எனக்கும் அளந்து போடுங்கள்" என்று மட்டும் ஆயா சொன்னாராம். அவர் அதற்குமேல் சண்டை போடவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் 'டபுள் ஸ்டாண்டர்ட்' என்பது எங்கிருந்து வந்தது?

முதலில் அது ஒழுக்கத்தைப் பற்றிய சொல்லே அல்ல, பணத்தைப் பற்றியது. தங்கம், வெள்ளி இரண்டையும் நாணயத்துக்கு அடிப்படையாகக் கொள்ளும் முறையை 19-ஆம் நூற்றாண்டில் அப்படி அழைத்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் 'ஆணுக்கு ஓர் ஒழுக்கம், பெண்ணுக்கு ஓர் ஒழுக்கம்' என்ற பொருளில் அது பரவியது.

பரவியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 1857-இல் வந்த மணமுறிவுச் சட்டத்தின்படி, மனைவி பிற ஆணோடு உறவு கொண்டாள் என்று காட்டினாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் அவள் நிரூபிக்க வேண்டும். இதை மாற்ற 1923 வரை ஆயிற்று. அதே சட்டத்தின் சாயலில் இந்தியக் கிறித்தவர்களுக்காக 1869-இல் எழுதப்பட்ட விவாகரத்துச் சட்டம் 2001-இல்தான் திருத்தப்பட்டது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் எத்தனை கிறித்தவக் குடும்பங்கள் வாழ்கின்றன! நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1864-இல் தொடங்கி இங்கிலாந்தின் துறைமுக, படைவீட்டு ஊர்களுக்காகத் தொற்றுநோய்ச் சட்டங்கள் வந்தன. பாலியல் தொழில் செய்பவள் என்று காவலர் சந்தேகப்பட்டாலே போதும், ஒரு பெண்ணைக் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு இழுத்துப் போகலாம். அவளிடம் போன சிப்பாய்க்கும் மாலுமிக்கும் அந்தச் சட்டத்தில் பரிசோதனை இல்லை. ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி ஊர் ஊராகச் சென்று இதை எதிர்த்துப் பேசினார். 1886-இல் அந்தச் சட்டங்கள் நீக்கப்பட்டன. இந்தியாவிலும் 1868-இல் அதே மாதிரிச் சட்டம் வந்து, 1888-இல் எடுக்கப்பட்டது. நோய் இருவருக்கும் பொது, பழி மட்டும் ஒருத்திக்கு என்பதை அந்தப் போராட்டம் ஊரறியச் செய்தது.

தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்?

செய்தித்தாள்களில் 'இரட்டை நிலைப்பாடு', 'இரட்டை அளவுகோல்' இரண்டும் வருகின்றன. என் தேர்வு 'இரட்டை அளவுகோல்'தான். நிலைப்பாடு என்றால் ஒருவர் எடுத்துக்கொண்ட கருத்து. இங்கே நாம் பேசுவது கருத்தை அல்ல, அளப்பதை.

பேச்சில் நமக்கு அதைவிடக் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. 'ஓரவஞ்சனை' என்பது வீட்டுக்குள் நடப்பதற்கு. பெற்றவர்கள் ஒரு பிள்ளைக்குச் செய்வதை மற்றப் பிள்ளைக்குச் செய்யாதபோது வாயில் வருவது அந்தச் சொல். 'பாரபட்சம்' அலுவலகத்துக்கும் அதிகாரிக்கும் பொருந்தும். 'பட்சபாதம்' என்று பழைய நூல்களில் பார்க்கலாம், ஒரு பக்கமாகச் சாய்தல் என்று பொருள். 'ஆளுக்கொரு நீதி' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

இரட்டை வேடமும் இரட்டை அளவுகோலும் ஒன்றுதானே?

இல்லை. தேர்வுத் தாளில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

இரட்டை வேடம் என்பது ஒருவருடைய சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி. மேடையில் மதுவின் கேடு பற்றிப் பேசிவிட்டு வீட்டில் குடிப்பவர் இரட்டை வேடம் போடுகிறார். 'ஊருக்கு உபதேசம்' என்பது அவரைத்தான். இரட்டை அளவுகோலுக்கு இரண்டு ஆட்கள் வேண்டும். தன் மகன் குடித்தால் "நண்பர்களோடு சேர்ந்து பழகிவிட்டான்" என்றும், எதிர்வீட்டுப் பையன் குடித்தால் "குடிகாரன்" என்றும் சொல்பவர் சொட்டு மதுவும் தொடாதவராக இருக்கலாம். அவரிடம் வேடம் எதுவும் இல்லை, ஆனாலும் கூடை இரண்டு இருக்கிறது.

எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. வேடம் போடுகிறவருக்குத் தான் போடுவது தெரியும். இரண்டு கூடை வைத்திருக்கும் நல்ல மனிதருக்குத் தம்மிடம் இரண்டு இருப்பதே தெரியாமல் போகலாம்.

பழைய தமிழில் இந்தக் கருத்து உண்டா?

உண்டு, அதுவும் வணிகர் தெருவிலிருந்தே. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை பாராட்டும்போது, தம்முடையதையும் பிறருடையதையும் ஒன்றாகவே எண்ணி, 'கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது' விற்றார்கள் என்கிறது. வாங்கும்போது கூடுதலாக வாங்காமல், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமல். ஆயாவின் கூடைக் கதைக்கு நேர் எதிரான காட்சி. நுகத்தடியின் நடுவில் நிற்கும் பகலாணியைப் போல நடுவில் நின்ற நெஞ்சம் அவர்களுடையது என்றும் அந்தப் பாட்டு சொல்லும்.

வள்ளுவர் தராசையே சொல்லிவிட்டார்: 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' ஒரு பக்கம் கோடாமல் இருப்பது சான்றோர்க்கு அழகு. ஔவையார் இன்னும் கடுமை. வழக்கு மன்றத்தில் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொன்னவர் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி குடியிருப்பாள் என்று நல்வழியில் அடுக்குகிறார். 'மன்றோரம்' என்பது அங்கே அவர் ஆண்ட சொல். நம் ஓரவஞ்சனையில் இருக்கும் 'ஓரம்' இதே ஓரம்தான்.

மண்ணடியிலிருந்து வந்த ஒரு மாணவன் இதைப் படித்த அன்று, குர்ஆனில் அளவில் மோசம் செய்வோரைப் பற்றி ஓர் அத்தியாயமே இருப்பதைச் சொன்னான். மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அது தொடங்குகிறது. உடனே இராயபுரத்துப் பெண் ஒருத்தி, விவிலியத்தின் நீதிமொழிகளிலும் இரண்டு வகை நிறைகல், இரண்டு வகை மரக்கால் வைத்திருப்பதைக் கடவுள் அருவருக்கிறார் என்று இருப்பதாக எழுந்து நின்று சொன்னாள். மூன்று மரபும் அங்காடியிலிருந்தே இதைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. எனக்கு அந்த மாலை மறக்காது.

பழமொழிகளில் எவை இதற்குப் பொருந்தும்?

'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பதுதான் அச்சு அசலாகப் பொருந்துவது. குடம் ஒன்றுதான், உடைத்த கையைப் பார்த்து அதன் விலை மாறுகிறது. 'ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு' என்பது பிள்ளைகளிடையே காட்டும் ஓரவஞ்சனைக்கு. 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' சற்று வேறு. அது பாசத்தைச் சொல்கிறது. தன் குஞ்சு பொன்னாகத் தெரிவதில் தவறில்லை, அடுத்த கூட்டுக் குஞ்சைக் கொத்தினால்தான் தவறு.

ஆண், பெண் விஷயத்தில்தான் இந்தச் சொல் அதிகம் வருகிறது. ஏன்?

நம் வீட்டுப் பழமொழிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆண்பிள்ளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான்' என்று ஒன்று. 'முள்ளின்மேல் சேலை விழுந்தாலும், சேலையின்மேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்' என்று இன்னொன்று. முதலாவது ஆணுக்குச் சொல்லும் ஆறுதல், இரண்டாவது பெண்ணுக்குச் சொல்லும் எச்சரிக்கை. ஒரே செயலுக்கு ஒருவன் காலைக் கழுவிவிட்டு வந்துவிடலாம், ஒருத்தி காலம் முழுவதும் கிழிந்த சேலை. இந்த இரண்டு பழமொழிகளையும் ஒரே வாயால், ஒரே திண்ணையில் சொன்ன பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாம் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது அவர்களுக்குப் படவே இல்லை.

மொழியிலேயே இந்தச் சாய்வு படிந்திருக்கிறது. தொல்காப்பியம் மனைவியை இழந்தவனின் நிலையைத் 'தபுதார நிலை' என்றும், கணவனை இழந்தவளின் நிலையைத் 'தாபத நிலை' என்றும் சொல்கிறது. சொற்களைக் கவனியுங்கள். அவனுக்குத் தாரம் போய்விட்டாள் என்ற செய்தி மட்டும். அவளுக்கோ தவம், அதாவது இனி நோன்பிருந்து வாழ வேண்டும் என்ற கட்டளை. இன்றைக்குத் தபுதாரன் என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. கைம்பெண், விதவை மட்டும் நிலைத்துவிட்டன. மனைவியை இழந்தவன் நல்ல காரியத்துக்கு முன்னால் வந்தால் யாருக்கும் முகம் சுளிக்கத் தோன்றாது. என் பெரியம்மா தம் மகளின் கல்யாணத்திலேயே தூணுக்குப் பின்னால் நின்றார். பெரியப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் என்ன?

பாரதியார் இதற்குப் பதில் சொல்லி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது: 'கற்பு நிலையென்று சொல்ல வந்தார், இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்.' அவர் கற்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தால் இருவருக்கும் வை என்கிறார். ஆயா கேட்டதும் அதுதான், வாங்குகிற கூடையிலேயே எனக்கும் அள.

சட்டம் இதைச் சரிசெய்துவிட்டதா?

பெருமளவு செய்திருக்கிறது, தாமதமாக. சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989-இல் வந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் எழுப்பிய குரல் 1947-இல்தான் முழுச் சட்டமாயிற்று. அந்தப் பெண்களுக்கு ஊர் இழிபெயர் வைத்தது. அவர்களை ஆதரித்த பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களாகவே இருந்தார்கள்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு பற்றிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அடுத்தவன் மனைவியோடு உறவு கொண்ட ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை. பெண்ணுக்குத் தண்டனை இல்லை. "அப்படியென்றால் பெண்ணுக்குச் சாதகமான இரட்டை அளவுகோல் அல்லவா?" என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிரிவை முழுவதும் படிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை. புகார் கொடுக்க வேண்டியவனும் அந்தக் கணவன். தன் கணவன் வேறொருத்தியோடு போனால் மனைவி வழக்குப் போட வழியில்லை. ஆக, பெண்ணைக் காப்பதற்காக அவளுக்கு விலக்கு அளிக்கவில்லை. அவளைக் கணவனின் உடைமையாக எண்ணியதால், உடைமைக்கு யாரும் தண்டனை தருவதில்லை என்பதால்தான் விட்டார்கள். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவைச் செல்லாது என்று ஒதுக்கியது. விவாகரத்துக் கேட்கப் பிறன்மனை உறவு இன்றும் காரணமாக இருக்கிறது, இருவருக்கும் ஒன்றுபோல.

எல்லா வேறுபாடும் இரட்டை அளவுகோலா? மகளிருக்கு இலவசப் பேருந்து, இடஒதுக்கீடு இவையெல்லாம்?

இல்லை. வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறதா, அந்தக் காரணம் அந்தச் செயலோடு தொடர்புடையதா என்று பார்க்க வேண்டும்.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஒரே கடல், ஒரே மீன், இரண்டு விதி. இது ஓரவஞ்சனையா? இல்லை. விசைப்படகின் இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போகும். முட்டையிடும் பருவத்தில் அது செய்யும் சேதம் கரையோரத்தில் சிறிய வலை போடும் படகு செய்வதைவிடப் பல மடங்கு. விதி ஆளைப் பார்க்கவில்லை, வலையைப் பார்க்கிறது. ஆனால் தடைக்காலத்தில் இரண்டு விசைப்படகுகள் பிடிபட்டு, செல்வாக்கு உள்ளவருடையதை மட்டும் விட்டுவிட்டால், அந்த இடத்தில் இரண்டாவது கூடை வந்துவிட்டது.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் கூலி குறைவு என்பது கட்டட வேலைக்குப் போகிற எந்தச் சித்தாளைக் கேட்டாலும் தெரியும். ஏற்கெனவே சாய்ந்திருக்கிற தட்டின் மறுபக்கத்தில் ஒரு படிக்கல் வைப்பது அந்தச் சலுகை. அரசமைப்புச் சட்டமும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்வதைச் சமத்துவத்துக்கு எதிரானதாகக் கருதவில்லை. இடஒதுக்கீட்டுக்கும் இதே பதில். அதை 'இரட்டை அளவுகோல்' என்று சொல்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சிலருக்குப் பள்ளிக்கூடத்தின் கதவே திறக்காமல் இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறார்கள்.

சாதி பற்றிப் பேசும்போது 'இரட்டைக் குவளை' என்கிறார்களே, அதுவும் இதுதானா?

அதுதான் இதன் மிகக் கொடிய வடிவம். தேநீர்க் கடையில் சிலருக்குக் கண்ணாடிக் குவளை, சிலருக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் கொதித்த தேநீர், அதே காசு. தீண்டாமையை அரசமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்தது. 1955-லும் 1989-லும் இதைத் தண்டிக்கத் தனிச் சட்டங்கள் வந்தன. அப்படியும் கிராமங்களிலிருந்து இந்தச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. நகரத்தில் குவளை ஒன்றாகிவிட்டது. வாடகைக்கு வீடு கேட்கும்போது இரண்டாகிவிடுகிறது. "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்விக்குப் பிறகு முன்பணம் ஏறியதையும், "வீடு நேற்றே முடிந்துவிட்டது" என்ற பதில் வந்ததையும் என் மாணவர்களின் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வடசென்னையைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் பொருந்துமா?

பொருந்தும். இந்த ஊர் பிறந்ததே இரண்டு பெயரோடு. கோட்டைக்குள் 'வெள்ளையர் பட்டணம்', வெளியே 'கருப்பர் பட்டணம்'. பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆனது அந்தக் கருப்பர் பட்டணம். அதைச் சுற்றி எழுப்பிய மதிலுக்காக மக்களிடம் வரி கேட்ட கதைதான் இன்றும் வால்டாக்ஸ் சாலை என்று பெயராக நிற்கிறது.

இன்றைய கணக்கைப் பாருங்கள். நகரம் முழுவதற்கும் மின்சாரம் வேண்டும், அனல்மின் நிலையமும் சாம்பலும் எண்ணூருக்கு. நகரம் முழுவதும் பெட்ரோல் போடும், சுத்திகரிப்பு ஆலை மணலிக்கு. பாதி நகரத்துக் குப்பை கொடுங்கையூருக்கு. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தபோது, வாளியால் அள்ளிக்கொண்டு நின்றார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

"ஆலை இருக்கும் இடத்தில் போய்க் குடியேறினால் அப்படித்தான்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எண்ணூரின் மீனவக் குப்பங்கள் அந்த ஆலைகளுக்கு முந்தியவை. ஆலைதான் குடியேறியது. ஆயா செய்ததைப் போல இரண்டு கூடையிலும் கையை விட்டுப் பாருங்கள்: அதே அமோனியா அதே நள்ளிரவில், வசதியானவர்கள் வாழும் பெசன்ட் நகரில் கசிந்திருந்தால் அந்தக் குழாய் எத்தனை நாள் அங்கே இருக்கும்?

ஊர்ப் பெயரே குற்றமாகும் இடமும் உண்டு. என்னிடம் படித்த ஒரு பையன் வேலைக்கான நேர்காணலுக்குப் போனான். எல்லாம் நன்றாகப் போயிற்று. வீடு எங்கே என்று கேட்டார்கள், புளியந்தோப்பு என்றான். எதிரில் இருந்தவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாராம். கேள்விகள் அதோடு முடிந்துவிட்டன. அந்தப் பேனாவின் மூடி விழுந்த சத்தத்தைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நீ மட்டும் யோக்கியமா?" என்று திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

இந்தச் சொல்லை அதிகம் பாழாக்குவது இந்தத் திருப்பம்தான். ஒருவர் தவறைச் சுட்டினால், "அன்றைக்கு அவர்கள் செய்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? இது இரட்டை அளவுகோல்" என்பது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது முதல் தவறுக்குப் பதில் ஆகாது. சுட்டியவர் அன்று பேசாதது அவர் குறை. இன்று நடந்தது இன்று அதைச் செய்தவரின் குறை. இரண்டையும் தனித்தனியே நிறுக்கலாம்.

நான் செய்வது இது: "சரி, அன்றும் தவறுதான். அதையும் தவறு என்று எழுதிக்கொள்வோம். இப்போது இதைப் பேசுவோமா?" பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்' என்று வள்ளுவர் சொன்னதும் பிறர் குற்றத்தை மறக்கச் சொல்லி அல்ல, அதே கண்ணால் தன்னையும் பார்க்கச் சொல்லித்தான்.

வீட்டில் பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

மாணவிகள் கேட்பது இது, பெரும்பாலும் தாழ்ந்த குரலில். அண்ணன் கேரம் விளையாடிவிட்டு இரவு பதினொன்றுக்கு வரலாம், எனக்கு ஏழு மணிக்கே கதவு. இதை எப்படிக் கேட்பது?

பெரிய சொல்லோடு தொடங்காதீர்கள். "நீங்கள் இரட்டை அளவுகோல் வைத்திருக்கிறீர்கள் அம்மா" என்றால் அது வழக்கு, வழக்கில் யாரும் மனம் மாறுவதில்லை. ஒரு சிறிய, கண்ணெதிரே தெரிகிற பொருளைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் வஞ்சிரம் பொரித்தால் நடுத்துண்டு அண்ணன் தட்டுக்கும் வால்துண்டு என் தட்டுக்கும் வரும். எனக்குப் பதினான்கு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்ததும் இரண்டு தட்டுகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. அம்மா அண்ணனுடைய தட்டில் கிடந்த வால்துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவனுக்கு அது எப்படிப் போதும்?" என்று கேட்க வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் மீனை நீளவாக்கில் வெட்டச் சொல்லி வாங்கி வந்தார்.

பயத்தினால் போடும் விதிகளை மட்டும் வேறு விதமாகப் பேச வேண்டும். இரவில் பெண்ணுக்குத் தெருவில் ஆபத்து அதிகம் என்பது அம்மாக்களின் கற்பனை அல்ல. அந்தப் பயத்தை ஒப்புக்கொண்டே, "அப்படியானால் அண்ணன் என்னைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரட்டும்" என்று கேளுங்கள். சுமை இருவருக்கும் பங்காகட்டும்.

எழுதும்போது ஒற்று மிகுமா?

'இரட்டை அளவுகோல்', 'இரட்டை வேடம்', 'இரட்டை நிலைப்பாடு' ஆகியவற்றில் ஒற்று வராது. வருமொழி வல்லினமாக இருந்தால் வரும்: இரட்டைக் குவளை, இரட்டைப் பேச்சு. 'அளவுக்கோல்' என்று எழுத வேண்டாம்.

ஆசிரியரே இதைச் செய்தால்?

இதை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடமே கேட்டாள். வகுப்பு முடிந்ததும் மாடியைப் பெருக்கும்படி நான் எப்போதும் பெண்களிடம் சொல்கிறேனாம், பலகையை மடித்து வைக்கவும் கடைக்குப் போய்ச் சாக்பீஸ் வாங்கவும் பையன்களிடம் சொல்கிறேனாம். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒரு நாளும் நான் அதைத் தீர்மானித்துச் செய்ததில்லை, வாய் தானாகச் சொல்லியிருக்கிறது. அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெயர்கள் அகர வரிசையில், எதிரே கிழமையும் வேலையும். அந்தப் பெண்ணே கட்டம் போட்டு எழுதினாள். இந்த வாரம் துடைப்பம் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனிடம் இருக்கிறது. மூலையில் குப்பை நிற்கிறது என்று அவனைத் திரும்பப் பெருக்கச் சொல்லியிருக்கிறேன், பெண்களுக்கும் இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் சொன்னேன்.